குற்றாலத்தில் ஒரு தண்ணீர் விரதம்

கொழும்பிலிருந்து நான் குற்றாலத்துக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பழுதுபட்ட மனதைச் சீர்செய்துகொண்டு வரலாம் என்று போனேன்.

கொழும்புக் கொச்சிக்கடையில் துறைமுகக் கூலிகளுக்காக ஒரு இரவுப் பள்ளியும், குடிக்கு எதிராக ஒரு சங்கமும் பல வருஷங்களாக நடத்தி வந்தேன். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அந்த வருஷம் சித்திரையில், எழுத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக எழுதிய ஒரு மூட்டைக்காரரை, என்னைவிடப் பத்து வயது மூத்தவரை, கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவர் சிலேட்டைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் சோமசுந்தரத்தின் கடிதம் வந்தது. திருநெல்வேலியில் நல்ல வரும்படியுள்ள தொழிலை விட்டுவிட்டுக் கிராமத் தொண்டில் இறங்கியவர் அவர். ஒருமுறை கொழும்புக்கு வந்தபோது என் பள்ளியில் பேசியிருக்கிறார். ஊருக்கு உழைத்துக் களைத்துப்போன பன்னிரண்டு பேரைச் சாரல் காலத்தில் பத்து நாள் குற்றாலத்தில் தங்கவைக்கப் போவதாக எழுதியிருந்தார். "ஊரை மாற்றப் போகிறவன் முதலில் தன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவன் கொண்டுவந்த மாற்றம், அவன் படுத்துக்கொண்ட மறுநாளே பழையபடி ஆகிவிடும்" என்ற வரியை நான் நாலு தடவை படித்தேன். உடனே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

தென்காசி நெருங்க நெருங்க ரயில் பெட்டிக்குள் காற்று குளிர்ந்தது. எதிர் பெஞ்சில் கொல்லத்துக்குப் போகும் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்தப் பாண்டி நாட்டில் என்ன வெயில் அடிக்கிறது! நம் மலை கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது" என்றாள் ஒருத்தி. "உனக்கு மூச்சு வந்தால் போதும், பேச்சை நிறுத்தமாட்டாயே" என்றாள் மற்றவள். நானும் மலையைப் பார்த்தேன். உச்சியை மேகம் தின்றிருந்தது.

தென்காசி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கோயில் கோபுரம் தெரிந்தது. உச்சி இல்லாமல், நடுவில் பிளந்து, மேலே செடி முளைத்து நின்றது. எங்கள் கொழும்பில் இடிந்த கட்டிடத்தைச் சுற்றி உடனே தகரம் அடித்துவிடுவார்கள். இங்கே அதன் காலடியில் பூக்காரிகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஜட்கா வண்டிக்காரர் என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "ஏறி உக்காருங்க அண்ணாச்சி. சாரல் பட்டுதுன்னா நம்ம குதிர பறக்கும் பாத்துக்கிடுங்க." மேலகரம் தாண்டியதும் சாரல் பட்டது. குதிரை நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தொங்கவிட்டு, சாரலை அனுபவித்துக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் "அதுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியை அவர் தலையில் வைத்துக்கொள்ள, மீதி வழியை நடந்தே போனோம்.

பங்களா ஐந்தருவிக்குப் போகும் பாதையில் இருந்தது. பச்சைக் கதவு, ஓட்டுக் கூரை, பின்னால் பலா மரங்கள், ராட்டினம் கட்டிய ஒரு கிணறு. யாரோ ஒரு பெரிய நிலக்காரர் சாரல் காலத்துக்கென்று கட்டிவைத்தது. வக்கீல் ஐயா வாசலுக்கே வந்து, நனைந்த என் கோட்டைக் கழற்றித் தாமே உதறிக் காயப்போட்டார். மனிதர் உள்ளன்போடு எதையும் செய்வார். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை அவர் ஒழுங்குகளைச் சொன்னார். விடியலில் ஐந்தருவிக் குளியல். பிறகு ஒரு மணி நேரம் மௌனம். பகலில் ஒவ்வொருவரும் தன் ஊர்க் கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் சாப்பிட்ட பாத்திரத்தை இன்னொருவர் கழுவ வேண்டும். கடைசியாக, "இந்தப் பத்து நாளும் யாரும் கிணற்றுப் பக்கம் போக வேண்டாம். குளிப்பதும் குடிப்பதும் அருவித் தண்ணீர்தான். இதை ஒரு விரதமாக வைத்துக்கொள்வோம்" என்றார். கூடத்தில் ஒரு பெரிய செப்புக் குடம் இருந்தது. அருவியிலிருந்து வரும் தண்ணீர் அதில்தான். எல்லாருக்கும் ஒரே குடம், ஒரே சொம்பு. எனக்கு அந்த விரதம் மிகவும் பிடித்துப்போயிற்று.

என் அறையில் என்னோடு தங்கியவர் மாடசாமி. ஆலங்குளத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கீழத்தெருக்காரர். ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனமில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு. ஆனால் பாயில் உட்கார்ந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடியே இருப்பார். என்னை "சாமி" என்று கூப்பிட்டார். வேண்டாம், அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள் என்றேன். "அது வாயில வர நாளாவும் சாமி" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் போட்டார்கள். கொழும்பில் இடியாப்பத்துக்கும் சம்பலுக்கும் பழகிய நாக்குக்கு அந்த எள்ளுத் துவையல் புதிது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சாப்பிட்டு முடிந்து வேறொருவர் இலையை எடுத்துப் போடப் பின்கட்டுக்குப் போனபோது, சமையல்காரரிடம் பங்களாக் காவற்காரர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"கீழத்தெரு ஆளு கிணத்துல கை வைக்கப்படாதுன்னு சொல்லித்தான் மொதலாளி சாவியக் குடுத்தாரு. வக்கீலய்யா என்ன செஞ்சாரு தெரியுமா? ஒருத்தர மட்டும் தடுத்தா வெளிய தெரிஞ்சிருமுன்னு எல்லாரையும் தடுத்துப்புட்டாரு. அதுக்கு விரதமுன்னு பேரு வச்சாரு. மூளைன்னா அது மூளை!"

நான் நேரே வக்கீல் ஐயாவிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"நாலு வீடு கேட்டுப் பார்த்தேன். மூன்று வீட்டில் வாசலிலேயே இல்லை என்றார்கள். இவர் ஒருவர்தான் கிணறு நீங்கலாகத் தருகிறேன் என்றார். மாடசாமி எப்படி வந்திருக்கிறான் பார்த்தீர்களா? மூன்று மாதமாகத் தூக்கமில்லை அவனுக்கு. இங்கேயும் ஒரு கிணறு தனக்கு அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றே எழுந்து போய்விடுவான். பத்து நாள் அவன் மனம் நோகாமல் கழியட்டுமே. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்."

சொல்லமாட்டேன் என்றேன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதை இப்போது எழுதுகையில் கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

மூன்றாம் நாள் மாடசாமி தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர் ஊரில் ஜில்லா போர்டார் வெட்டிய பொதுக் கிணறு ஒன்று உண்டு. அது யாருக்கும் பொது என்று கல்லிலே எழுதியிருக்கிறது. ஆனால் மேலத்தெருவார் மட்டும்தான் இறைப்பார்கள். கீழத்தெருவுக்கு வாய்க்கால் தண்ணீர். மாடு இறங்குவதும் அதே வாய்க்காலில்தான். மாடசாமி நாற்பது வீட்டையும் திரட்டி ஒரு காலையில் குடத்தோடு போனார். இரண்டு மாதம் இறைத்தார்கள். பிறகு மேலத்தெருவார் ஒன்றும் செய்யவில்லை. நடவுக்கு ஆள் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

"அடிச்சா திருப்பி அடிக்கலாம். கூப்பிடாம இருந்தா என்ன செய்ய முடியும்?" என்றார் மாடசாமி. "எங்க ஆளுக இப்ப எம் மூஞ்சியப் பாக்கமாட்டேங்குது. கூட்டம் போட்டு முடிவு செய்யலாமுன்னு சொல்லியிருக்காவ. கெணத்துப் பக்கம் வரமாட்டோம்னு கைநாட்டு வச்சா வேலை உண்டாம். நான் போய்ப் பேசணும். எனக்குப் பேச வராது. சண்டைதான் வரும்."

அன்று எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். போலீசுக்குப் போனால் என்ன என்று ஒருவர் கேட்டார். "சட்டம் நம் பக்கம். வயல் அவர்கள் பக்கம்" என்றார் வக்கீல் ஐயா. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காமல், காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று முறை வைத்து இறைக்கலாம் என்று கேட்டுப்பார் என்றார். மாடசாமி யோசித்துத் தலையாட்டினார்.

அதன் பிறகு நான் கண்ணால் கண்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டும். நாலாம் நாள் அருவியில் அவர் தலையைக் கொடுத்து நின்றவர், வெளியே வரவே மாட்டேன் என்றார். வந்ததும் சிரித்தார். மௌன நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார், யாரும் எழுப்பவில்லை. சாயங்காலம் கடைத்தெருவில் மங்குஸ்தான் விற்றதைக் கண்டு, கொழும்புப் பழம் இங்கேயும் வந்துவிட்டதே என்று நான் சொல்ல, "கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பழந்தான் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி என்று முதல் முறையாக வந்துவிட்டது. அவரும் அதைக் கவனித்து வெட்கப்பட்டார்.

ஒரு காரியத்தை மட்டும் அவர் ஒவ்வொரு நாளும் செய்வார். தாகமே இல்லாவிட்டாலும் கூடத்துக்குப் போய், செப்புக் குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடிப்பார். அவருக்குப் பின்னால் பிள்ளைமார் வீட்டு வாத்தியார் ஒருவர் அதே சொம்பை வாங்கிக் குடிப்பார். அவர் குடிப்பதை மாடசாமி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அந்தச் சமயங்களில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது அகப்படும்.

ஆறாம் நாள் மாடசாமியின் ஊர்ப் பள்ளி வாத்தியாரிடமிருந்து கார்டு வந்தது. கூட்டத்தை மறுநாளுக்கே மாற்றிவிட்டார்களாம். வக்கீல் ஐயா மாடசாமியின் தோளைப் பிடித்து, "நீ இப்போது பழைய ஆள் இல்லை. போய்ப் பேசு" என்றார். என்னைப் பார்த்து, "வெளியூர்க்காரர், கோட்டுப் போட்டவர் ஒருவர் கூட இருந்தால் மரியாதை. நீங்கள் போய் வாருங்கள்" என்றார். போனோம்.

தென்காசியில் பஸ் ஏறினோம். மலை முதுகுக்குப் பின்னால் போகப் போகப் பச்சை வற்றிக்கொண்டே வந்தது. பாவூர்சத்திரம் தாண்டி இஞ்சின் கொதித்துப் புகை கக்கி பஸ் நின்றது. கண்டக்டர் தகர வாளியை நீட்டி, "ஏ, யாராவது ஓடிப்போயி அந்தத் தோட்டக் கெணத்துல ஒரு வாளி தண்ணி எடுத்தாங்கய்யா" என்றார். மாடசாமி எல்லாருக்கும் முன்னால் வாளியை வாங்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடிக்குப் போனதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"என்ன மாடசாமி?"

"ஆறு நாளு ஒரே கொடத்துல தண்ணி குடிச்சதுல கை தன்னால வாளிய வாங்கிட்டு அண்ணாச்சி. யாரு தோட்டம்னு தெரியாதுலா. நீங்களே எறைங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். வருத்தமான சிரிப்பு இல்லை. வேடிக்கையைச் சொல்பவரின் சிரிப்பு.

நான் இறைத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நாளைக்கு என்ன பேசப்போகிறார் என்று சொன்னார்.

"சண்ட போடமாட்டேன். குத்தாலத்துல நடந்ததத்தான் சொல்லப்போறேன். பெரிய பெரிய வீட்டு ஆளுக, படிச்சவுக, எனக்குப் பொறவு அதே சொம்புல குடிச்சாக. ஒரு வீட்டுல நடந்தது ஊருல நடக்காதான்னு கேப்பேன். நான் என் கண்ணால பாத்தத யாரு இல்லன்னு சொல்ல முடியும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். இடமும் தனி; நேரமும் இருந்தது. மாடசாமி, சொம்பு உண்மைதான், ஆனால் அந்த வீட்டுக் கிணறு உமக்காக அடைக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை. வாய் வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அதை அணைக்க நான் யார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். டிரைவர் ஹாரனை அடித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அவர் ஊருக்கு, ரோட்டில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல், இங்கே காற்று மட்டும். செம்மண்ணை வாரி முகத்தில் இறைக்கிற காற்று. மாடசாமியின் வீட்டில் அவர் மனைவி இசக்கியம்மாள் கம்பங்கூழும் சுட்ட மிளகாயும் கொடுத்தாள். குடிக்கத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். வடிகட்டிய பிறகும் அது டீயின் நிறத்தில்தான் இருந்தது. நான் குடிக்கிறேனா என்று அவள் பார்த்தாள். குடித்தேன்.

"இவரு ஒறங்குனாரா அங்கன?" என்று என்னிடம் கேட்டாள்.

"நன்றாகத் தூங்கினார்."

"மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றாள் அவள். அவள் முகத்திலும் ஒரு கணம் தெளிவு வந்து போயிற்று.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கூட்டம். சாவடிக்கு முன்னால் வேப்பமரம். நிழலில் மேலத்தெருவார் உட்கார்ந்திருந்தார்கள். பத்தடி தள்ளி வெயிலில் கீழத்தெரு நின்றது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், நிழலில். அதில் உட்கார்ந்ததும் ஒரு தப்புத்தான். மேலத்தெருவில் முக்கியமானவர் பெரியவீட்டுக்காரர் என்று எல்லாரும் சொல்கிற ஒருவர். வெற்றிலை போட்ட வாய், உரத்துப் பேசமாட்டார். அவர் கணக்குப்பிள்ளை கைநாட்டுக் காகிதத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார்.

மாடசாமி பேசினார். நான் கேட்ட எத்தனையோ பேச்சில் அதுபோல் ஒன்று கேட்டதில்லை. குரல் உயரவில்லை. வாய்க்கால் தண்ணீரில் போன கோடையில் வயிற்றுப்போக்கு வந்து செத்த பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். காலையில் உங்களுக்கு, மாலையில் எங்களுக்கு என்று முறை வைத்துக்கொள்வோம் என்றார். மேலத்தெருவில் வயதான ஒருவர், "அவன் சொல்லுததுல ஒண்ணும் தப்பு இல்லயே. சாயங்காலம் நமக்கு என்ன வேலை அங்கன?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். கீழத்தெருக் கூட்டத்தில் ஒரு அசைவு தெரிந்தது. நிமிர்ந்து நின்றார்கள்.

அப்போதுதான் மாடசாமி குற்றாலத்துக் கதையைச் சொன்னார். செப்புக் குடத்தைச் சொன்னார், சொம்பைச் சொன்னார். "ஒரே வீட்டுல, ஒரே தண்ணியக் குடிச்சோம். அங்கன வானம் இடிஞ்சா விழுந்துட்டு?" என்றார்.

பெரியவீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எந்த வீடுடே அது?"

"ஐந்தருவி போற பாதையில, பச்சக் கதவு போட்ட பங்களா."

"அது எம் மச்சினன் பங்களாலா!" என்றார் அவர். சிரிக்கக்கூட இல்லை. "அவன் போன வாரந்தான் இங்கன வந்து சொல்லிக்கிட்டிருந்தான். வக்கீலு வீடு கேட்டாரு, ஒங்க ஊருக் கீழத்தெரு ஆளு ஒருத்தன் வாரானாம், கெணத்துல கை வைக்கக்கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லித்தான் குடுத்தேன்னான். வக்கீலும் சரின்னு வாங்கியிருக்காரு. ஒனக்கு அருவித் தண்ணிய ஊத்திக் குடுத்திருக்காவ. நீ அத இங்கன வந்து எனக்குச் சொல்லுத."

"இல்ல. அது விரதம். எல்லாருக்கும்தான்..." மாடசாமி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும்; கோட்டுப் போட்டவன் சொல்லை யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். உண்மையைத் துணிந்து சொல்லி, அது தப்பு என்று அவர்கள் முகத்தின் முன்னால் கத்தியும் இருக்கலாம். இரண்டுக்கும் நான் ஆளாக இல்லை. "வக்கீல் ஐயா அதை நல்ல எண்ணத்தில்தான் செய்தார்" என்றேன்.

அவ்வளவுதான். மேலத்தெருவில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். தலையாட்டிய வயதானவரும் சிரித்தார். மாடசாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடிக்கவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை.

பெரியவீட்டுக்காரர் காகிதத்தை எடுத்து வைத்தார். "படிச்ச வக்கீலே இவன மதிச்சது இவ்வளவுதான். இனிமே ஒங்க இஷ்டம். நாளைக்கே நடவு இருக்கு."

கீழத்தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து கட்டைவிரலை மையில் ஒற்றினார்கள். யாரும் மாடசாமியைத் திட்டவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள், வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிப் போவதுபோல. இசக்கியம்மாள் முறை வந்தபோது அவள் மையைத் தொடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிழலின் விளிம்பு வரை வந்தாள்.

"கெணறு போனாப் போட்டும். எங்க வீட்டு ஆளப் பொய்யன்னு சிரிக்காதீக. அவரு பொய் சொல்லல. அவருகிட்டப் பொய் சொன்னாக" என்றாள். 'சொன்னாக' என்றபோது என்னைப் பார்த்தாள்.

கைநாட்டு வைக்காதது அவர்கள் இருவரும்தான். அவர்களுக்கு இனி அந்த ஊரில் நடவும் இல்லை, அறுப்பும் இல்லை என்று சாவடியிலேயே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் மாடசாமி என்னை ரோடு வரை கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்றேன். வழி தெரியாமல் திரிவீர்கள் என்றார். என் பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். இரண்டு மைலும் காற்றின் சத்தம்தான். புளியமரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, "என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு சாமி" என்றார். பழைய சொல்லுக்குத் திரும்பிவிட்டார். "எப்பம் தெரியும் ஒங்களுக்கு?"

"இரண்டாம் நாள்."

விரல்விட்டு எண்ணுவதுபோல் யோசித்தார். "பஸ்ஸு நின்னப்ப தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா கோவப்பட்டிருப்பேன். கோவத்தோட வந்து சாவடியில கத்தியிருப்பேன். எனக்குக் கத்தத்தான் தெரியும். தோத்துத்தான் போயிருப்பேன். ஆனா தோத்துட்டு நிக்கும்போது எங்க ஆளுக எம் பின்னால நின்னிருக்கும்." பெட்டியைக் கீழே வைத்தார். "மனசக் குளுர வச்சி அனுப்பிட்டீக."

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கூரையில் போட்டார். நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் ஊர்ப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

குற்றாலத்தில் இறங்கியபோது அருவிச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. வக்கீல் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாசாங்கில்லாத அழுகை. பிறகு அவரும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது என்று திரும்பி வந்து சொன்னார். செங்கோட்டை வழியாக மலையேறி, திருவிதாங்கூர்ப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார்களாம். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தாம் நாள் மீதிப் பேர் தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் உண்மையிலேயே தெம்போடு போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மாடசாமிக்குப் பின் சொம்பை வாங்கிக் குடித்த வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி பத்து வருஷம் ஓடலாம் என்றார். மாடசாமிக்கு நேர்ந்ததை வக்கீல் ஐயா அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாம் முறையாக.

ஆறு மாதம் கழித்து மாடசாமியின் ஊர்ப் பள்ளி வாத்தியாருக்கு எழுதி விசாரித்தேன். கிணறு நன்றாக இருக்கிறது, மேலத்தெருவார் சுற்றுச்சுவர் கட்டிவிட்டார்கள் என்று பதில் வந்தது. கீழத்தெருவில் இனிப் பேசுவதற்கு ஒருவரும் முன்வருவதில்லை, யாராவது வாயெடுத்தால் "நீயும் குத்தாலம் போயிட்டு வந்தியாலே?" என்று கேட்கிறார்களாம், மேலத்தெருவில் அல்ல, கீழத்தெருவிலேயே.

அது பிறகு வந்த செய்தி. குற்றாலத்திலிருந்து கொழும்பு வந்த மறுநாளே பள்ளியைத் திறந்தேன். என்னிடம் அறை வாங்கியவர் வரவில்லை. வந்திருந்த ஐந்தாறு பேரும் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஐயா நல்லாத் தேறி வந்திருக்கீங்க" என்றார் ஒருவர். "கன்னத்துல சதை போட்டிருக்கு. கோபம்கூடக் குறைஞ்ச மாதிரி இருக்கு."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பத்து நாளில் உடம்பு தேறியிருந்தது. தூக்கமும் நன்றாக வந்துகொண்டிருந்தது.